மொட்டைக் கடிதக் குழுவின் தற்காலிக உதவியாளர்

செம்பியன் வேலை பார்த்த வெள்ளாற்றங்கரைப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகம் நான்கு வகைப்படும். மணிக்கணக்குத் தற்காலிகம், கௌரவத் தற்காலிகம், திட்டத் தற்காலிகம், தொகுப்பூதியத் தற்காலிகம். மணிக்கணக்குக்காரருக்கு உட்கார இடம் கிடையாது. வகுப்பு முடிந்ததும் வேப்பமரத்தடியில் நிற்கலாம். கௌரவத்துக்கு ஸ்டூல். திட்டத்துக்கு, திட்டம் வந்த வருஷம் மட்டும், மடக்கு நாற்காலி. தொகுப்பூதியத்துக்குத்தான் கைவைத்த நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை, பீரோவில் ஒரு தட்டு, பேப்பர் கப்புக்குப் பதிலாகப் பீங்கான் கோப்பையில் டீ. நிரந்தரம் என்று ஐந்தாவதாக ஒன்று உண்டு. தமிழியல் துறையில் அந்த வகையைச் சேர்ந்தவர் துறைத்தலைவர் கனகசபேசன் ஒருவர்தான் மிச்சம்.

செம்பியனுக்கு வயது முப்பத்தெட்டு. கடலூர் செம்மண்டலத்தில் வாடகை வீடு. முனைவர் பட்டம் வாங்கிய கையோடு மணிக்கணக்கில் சேர்ந்தவன், ஒன்பது வருஷமாக அதே மணிக்கணக்கில் இருந்தான். வருஷத்துக்குப் பதினோரு மாதம் வேலை. ஏப்ரல் முப்பதாம் தேதி எல்லோரையும் நீக்கிவிடுவார்கள். தொடர்ந்து வேலை பார்த்தோம் என்று யாராவது கோர்ட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது? நீக்கப்பட்டவர் அன்றைக்கு வளாகத்துக்குள் காலே வைக்கவில்லை என்பதற்குப் பல்கலைக்கழகத்துக்கு அத்தாட்சி வேண்டும். ஆகவே எல்லோரும் நேரில் வந்து, 'இன்று நான் வரவில்லை' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு வருஷம் காய்ச்சல் கண்டு வீட்டிலேயே படுத்துவிட்ட அம்மாள் ஒருவருக்கு, வராததை முறைப்படி வந்து தெரிவிக்கவில்லை என்று வேலை போய்விட்டது.

அவனுக்கு அந்தத் துறையில் ஒரே கூட்டாளி ராஜவேல். கடலூர் முதுநகர்க்காரன், எட்டு வருஷ மணிக்கணக்கு. சிதம்பரம் போகும் காலை பாசஞ்சரில் செம்பியன் திருப்பாதிரிப்புலியூரில் ஏறி, பக்கத்து இடத்தில் டிபன் பையை வைத்துக் காபந்து பண்ணுவான். முதுநகரில் ராஜவேல் ஏறிக்கொள்வான். ஆலப்பாக்கம் தாண்டியதும் கனகசபேசன் எழுதிய பாடநூலான 'இலக்கணப் பூம்பொய்கை'யைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பிழை தேடுவார்கள். கிள்ளை வருவதற்குள் ஒன்றாவது அகப்படும். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒன்பது வருஷத்தில் செம்பியனுக்கு அந்த வேலையால் கிடைத்த சந்தோஷம் என்றால் அதுதான்.

போன ஜூலையில் ஓர் உத்தரவு வந்தது. மணிக்கணக்கிலிருந்து ஒருவரைத் 'தொகுப்பூதிய உதவிப் பேராசிரியர் (முற்றிலும் தற்காலிகம்)' ஆக்கலாம். தகுதி உள்ளவர்கள் இரண்டே பேர். நேர்காணல் துறைத்தலைவர் அறையில் நடந்தது.

கனகசபேசன் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். நெற்றி நிறைய விபூதி, குரலில் வெண்ணெய்.

"செம்பியன், ஒன்பது வருஷம்! ஒரு புகார் கிடையாது. லீவுகூட ஜாஸ்தி எடுக்கல. ரிசல்ட்டு நூத்துக்கு நூறு."

"ஆமாங்கய்யா."

"அதாம்பா எனக்குப் பயமா இருக்கு."

செம்பியனுக்குப் புரியவில்லை.

"ஒன்பது வருஷம் இருந்தவன் பத்தாவது வருஷமும் இருப்பான். அப்புறம் இது தன்னோட வேலைன்னு நெனைக்க ஆரம்பிச்சிடுவான். அது அவனுக்கும் கெடுதல், பல்கலைக்கழகத்துக்கும் கெடுதல். ராஜவேலுக்குப் பாரு, எட்டு வருஷம்தான் ஆவுது. அவன்கிட்ட இன்னும் தற்காலிக மனசு இருக்கு. நான் இந்த நாற்காலியில இருவத்தாறு வருஷமா ஒக்காந்திருக்கேன். ஒரு நாளாவது இது நெலையானதுன்னு நெனைச்சிருப்பேனா? எல்லாம் அவன் செயல்."

சொல்லிவிட்டு, சிதம்பரம் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

வேலை ராஜவேலுக்குக் கிடைத்தது.

முதல் இரண்டு நாள் செம்பியன் நன்றாகத்தான் இருந்தான். ஸ்வீட் பாக்ஸ் வாங்கிப் போய்க் கொடுத்தான். மூன்றாம் நாள் கதவில் 'முனைவர் ஆ. ராஜவேல்' என்று பலகை மாட்டினார்கள். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. வேப்பமரத்தடியில் நின்று பார்த்தால் அந்தப் பலகை நேர் எதிரே தெரியும். வேறு பக்கம் திரும்பி நின்றான். கழுத்து தானாகத் திரும்பிக்கொண்டது. பதினொரு மணிக்கு டீ வரும்போது, பீங்கான் கோப்பை தட்டில் உரசுகிற சத்தம் அவனுக்கு மட்டும் தனியாகக் கேட்டது. அட்டெண்டர் அய்யனார், ராஜவேலைப் பார்த்தால் எழுந்து நின்றான். செம்பியனைப் பார்த்தால் காலை மட்டும் மடக்கிக்கொண்டான்.

ராஜவேல் கர்வப்பட்டிருந்தால் செம்பியனுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். அவன் கர்வப்படவில்லை.

"மச்சான், நான் கிளாசுக்குப் போறேன். ஒரு மணி நேரம் என் சீட்டுல வந்து ஒக்காரு. வெயில்ல ஏன் நிக்கற?" என்றான்.

செம்பியன் உட்கார்ந்தான். நாற்காலி சௌகரியமாக இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவன் மனைவி ரேகா, மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ராஜவேல் அண்ணனுக்குக் கெடச்சிடுச்சாமே. தங்கமான மனுஷன். அவுங்களுக்குக் கெடைக்கலன்னா வேற யாருக்குக் கெடைக்கும்?"

"ஏன், எனக்குக் கெடைக்கக் கூடாதா?"

"நான் அப்படிச் சொன்னனா? கொழம்பு ஊத்தட்டுமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேகா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, செம்பியன் லேப்டாப்பைத் திறந்து, 'மாண்புமிகு துணைவேந்தர் அவர்களுக்கு' என்று அடித்தான்.

ராஜவேல் மேல் என்ன குற்றம் சொல்வது என்று ஒரு மணி நேரம் யோசித்தான். அகப்படவில்லை. அவன் காசு வாங்குகிறவன் இல்லை, பெண் பிள்ளைகளிடம் மரியாதைக் குறைவாகப் பேசுகிறவன் இல்லை, நேரம் தவறுகிறவனும் இல்லை. கடைசியில் உண்மையையே எழுதினான். ஒன்று, இவர் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறார். இரண்டு, மாணவர்களை நூலகத்துக்கு அழைத்துப் போய்ப் புத்தகங்களை எடுக்கச் செய்கிறார். மூன்று, துறைத்தலைவரின் பாடநூலில் நாற்பத்தொரு பிழைகள் இருப்பதாக ரயிலில் பேசுகிறார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செம்பியன் ஆராய்ச்சி பண்ணியவன். சான்று காட்டாமல் எழுதக் கை வரவில்லை. நாற்பத்தொரு பிழையையும் பக்க எண், வரி எண்ணோடு பின்னிணைப்பாகச் சேர்த்தான். 'உண்மை விரும்பி' என்று முடித்தான். மறுநாள் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம். மொய் எழுதிவிட்டு, பஸ் ஏறும் முன் அங்கிருந்த தபால்பெட்டியில் போட்டான். கடிதம் உள்ளே விழுந்துவிட்டதா என்று பெட்டியின் வாயில் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினான்.

பல்கலைக்கழகத்துக்கு வருகிற மொட்டைக் கடிதங்கள் வழக்கமாகக் குப்பைக்கூடைக்குப் போய்விடும். இதில் பின்னிணைப்பு இருந்ததால், 'ஆதாரத்துடன் கூடிய அநாமதேயம்' என்று தனிப்பிரிவில் வைத்து, மூவர் குழு ஒன்றை அமைத்தார்கள். தலைவர் கனகசபேசன். குழுவுக்கு ஓர் உதவியாளர் வேண்டும். கணினி தெரிய வேண்டும், பிழையில்லாமல் எழுதத் தெரிய வேண்டும், தற்காலிகமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தி வந்த ஒரே ஆள் செம்பியன்தான். 'மொட்டைக் கடித விசாரணைக் குழுவின் தற்காலிக உதவியாளர்' என்று அவனுக்கு உத்தரவு வந்தது.

உத்தரவைக் கொடுத்தவர் பிரிவுக் கண்காணிப்பாளர் அகிலாண்டம். முப்பது வருஷ சர்வீசில் ஒரு கோப்பையும் தொலைக்காதவர், ஒன்றையும் முடிக்காதவர்.

"இது அஞ்சாவது வகைத் தற்காலிகம், தெரிஞ்சிக்குங்க சார்," என்றார். "ஒங்களுக்குக் கைவச்ச சேரு உண்டு. பீங்கான் கப்பு உண்டு. போர்டு உண்டு. ஆனா குழு இருக்கற வரைக்கும்தான். குழு முடிஞ்சா சேரும் முடிஞ்சிடும்."

"சேர் எங்கங்கம்மா?"

"வாங்கறதுக்கு சாங்ஷன் இல்ல. துறையில ஒண்ணுதான இருக்கு. அந்தாளு இப்போ விசாரணையில இருக்காரு, அவருக்கு எதுக்கு சேரு?"

அய்யனார் நாற்காலியைத் தலையில் தூக்கி வந்து போட்டுவிட்டு, எழுந்து நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றான். ராஜவேலின் பலகை மேல் காக்கித் தாளை ஒட்டி 'விசாரணையில் உள்ளது' என்று எழுதினார்கள். விசாரணை முடியும்வரை அவன் வகுப்பெடுக்கக் கூடாது. ஆனால் தினமும் வர வேண்டும். வந்து, வேப்பமரத்தடியில் நின்றான்.

ரயிலில் செம்பியன் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தான். குழுவின் ரகசியம் காக்க வேண்டும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான்.

குழுவின் முதல் கூட்டத்தில், கடிதம் எழுதியவர் என்று ஒருவர் இருக்கிறாரா என்பது விவாதிக்கப்பட்டது. இருக்கிறார் என்று ஒருமனதாக முடிவானது. அவரை நேரில் ஆஜராகச் சொல்லி, 'உண்மை விரும்பி, குறிஞ்சிப்பாடி' என்ற முகவரிக்குப் பதிவுத்தபால் அனுப்பச் சொன்னார்கள். செம்பியன் தனக்கே சம்மன் அடித்து, உறையில் போட்டு ஒட்டினான். 'முகவரி போதாது' என்று அது திரும்பி வந்தது. 'உண்மை விரும்பி விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று இரண்டாம் கூட்டத்தில் பதிவானது.

மூன்றாம் கூட்டம் களஆய்வு. பல்கலைக்கழக ஜீப்பில் நால்வரும் குறிஞ்சிப்பாடி போனார்கள். தபால்பெட்டியின் உயரத்தை அளந்தார்கள். கடிதம் போட்டவர் குள்ளமானவர் இல்லை என்பது தெரிய வந்தது. போஸ்ட்மேனை விசாரித்தார்கள்.

"யார் போட்டதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? வர்றாங்க, போடறாங்க, போறாங்க," என்றார் அவர்.

"எழுது," என்றார் கனகசபேசன். "ஒருத்தர் இல்ல, பலர். இது கூட்டுச்சதி."

நால்வரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். செம்பியன் சதிகாரர்களின் எண்ணிக்கை என்ற இடத்தைக் காலியாக விட்டு அறிக்கை அடித்தான்.

அப்போதெல்லாம் அவனுக்கு உறுத்தல் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் குழு ஒவ்வொரு முறை நீட்டிக்கப்படும்போதும் நாற்காலியும் நீட்டிக்கப்பட்டது. டீ கோப்பையில் வந்தது. மாணவர்கள் வணக்கம் வைத்தார்கள். 'மேலும் ஆராய வேண்டியுள்ளது' என்ற வரியை அறிக்கையில் எங்கே சேர்த்தால் இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவனுக்குக் கைவந்துவிட்டது.

ஏழாம் கூட்டத்தில் பின்னிணைப்பை எடுத்தார்கள். குழுவிலிருந்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், "ஐயா, நான் சரி பாத்தேன். நாப்பத்தொண்ணும் பிழைதான்" என்றார் தயங்கித் தயங்கி.

கனகசபேசன் கோபப்படவில்லை. சாய்ந்து உட்கார்ந்தார்.

"பிழை இருக்குதா இல்லையாங்கறது நம்ம வேலை இல்ல. அத ஒருத்தன் எண்ணலாமாங்கறதுதான் கேள்வி. பதினெட்டு வருஷமா இந்தப் பொஸ்தகத்தப் பாடமா வச்சிருக்கோம். இதப் படிச்சி ஆயிரம் பேரு பாஸ் பண்ணியிருக்கான். பாதிப் பேரு வாத்தியாரா இருக்கான். இப்போ இது தப்புன்னா அவன்லாம் யாரு? அவன்கிட்டப் படிக்கற புள்ளைங்க யாரு? ஒரு எழுத்தத் திருத்தறதுக்காக ஒரு தலைமொறையத் தப்புன்னு சொல்றதா? எனக்கு மனசு வரல. நான் எழுதுனதுங்கறதுக்காகச் சொல்லல. வேற யாராவது எழுதியிருந்தா நானே கிழிச்சிப் போட்டிருப்பேன்."

'மேற்படி நாற்பத்தொன்றும் பிழைகள் அல்ல, துறையின் மரபு' என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பருவத் தேர்வில் அந்த இடங்களைச் சரியாக எழுதிய பதினேழு பிள்ளைகள் பெயில் ஆனார்கள்.

எட்டாம் கூட்டத்தில் ராஜவேலைக் கூப்பிட்டார்கள். ஐந்து மாத வெயிலில் கறுத்திருந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. செம்பியன் தட்டச்சுப் பலகையைப் பார்த்தபடி இருந்தான்.

"ராஜவேல், ஒங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்குதா?" என்று கேட்டார் கனகசபேசன்.

ராஜவேல் கடிதத்தின் நகலை வாங்கி நிதானமாகப் படித்தான். பின்னிணைப்பைப் படிக்கும்போது அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

"மூணு பக்கக் கடிதங்கய்யா. ஒரு ஒற்றுப்பிழை கெடையாது. ஒரு வாக்கியம் முடியாம நிக்கல. நம்ம துறையில இப்படி எழுதத் தெரிஞ்சவங்க ரெண்டே பேருதான்."

செம்பியனின் விரல்கள் நின்றுவிட்டன.

"ஒண்ணு நான்," என்றார் கனகசபேசன். "இன்னொருத்தர் யாரு?"

ராஜவேல் செம்பியனைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. ரயிலில் எதிர் சீட்டுக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"தெரியலீங்கய்யா," என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் செம்பியன் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். ரேகா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவன் தட்டை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "நாளைக்குப் போயி நான்தான்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க. சேரும் வேணாம், கோப்பையும் வேணாம். நான் பில்லு போடறேன்ல, அது போதும்" என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, 'கடிதத்தை எழுதியவன் நானே. ராஜவேல் குற்றமற்றவர்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு அகிலாண்டத்திடம் நீட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"இத வாங்க முடியாதே சார்."

"ஏங்கம்மா?"

"நம்ம குழு மொட்டைக் கடிதத்தப் பத்தினது. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்க. கையெழுத்துப் போட்டது இந்த ஃபைல்ல சேராது."

"கையெழுத்து இல்லாம குடுத்தா?"

"அப்போ அது புது மொட்டைக் கடிதம். அதுக்குத் தனியாக் குழு போடணும்."

"அம்மா, தப்பு பண்ணது நான். என்மேல நடவடிக்கை எடுங்க."

அகிலாண்டம் பரிதாபமாகப் பார்த்தார். "ஒழுங்கு நடவடிக்கை விதி நெரந்தரப் பணியாளருக்குத்தான் சார். மொத பக்கத்துலயே இருக்குது. நீங்க தப்பு பண்ணணும்னா மொதல்ல பர்மனென்ட் ஆவணும்."

கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கனகசபேசன் அறைக்குப் போனான். அவர் படித்தார். அவர் கண் கலங்கியது.

"என்னா மனசுப்பா ஒனக்கு! கூட்டாளிக்காகப் பழிய நீ ஏத்துக்கறியே! ஆனா ஒண்ணு. நாப்பத்தொரு எடத்த எண்ணுற அளவுக்கு ஒனக்கு இலக்கணம் போதாதுப்பா. எனக்குத் தெரியாதா ஒன்ன?"

செம்பியன் வாயைத் திறந்தான். தான் எழுதியதுதான் என்று சத்தியம் பண்ணுவதா, தனக்கு இலக்கணம் தெரியும் என்று வாதாடுவதா என்று புரியாமல் மூடிக்கொண்டான். அந்த நிமிஷத்தில் இரண்டாவதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. அதை நினைத்து வெட்கப்பட்டான்.

மாசிக் கடைசியில் இறுதி அறிக்கை வந்தது. ராஜவேல் மீதான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. எனவே அவர் நிரபராதி. ஆனால் அவர் வகித்த பதவி சர்ச்சைக்குள்ளாகிவிட்டது. எனவே பதவி ரத்து. உதவியாளர் செம்பியனின் தியாக உணர்வைக் குழு பாராட்டுகிறது. மொட்டைக் கடிதங்கள் இனியும் வரும் என்பதால் குழு நிலைக்குழுவாக மாற்றப்படுகிறது; உதவியாளர் தற்காலிகமாக, காலவரையின்றித் தொடர்வார்.

ராஜவேல் அன்றைக்கே வேலையை விட்டுப் போனான்.

செம்பியனுக்கு ஒரு மாதம் தைரியம் வரவில்லை. ரேகா நச்சரித்த பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் முதுநகர் போனான். ஐஸ் பேக்டரிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ராஜவேல் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். அறுபது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத்துப் பிள்ளைகள், கிள்ளையிலிருந்தும் பிச்சாவரத்திலிருந்தும் வந்த மீனவப் பிள்ளைகள். பெயர்ப்பலகை கிடையாது. நாற்காலியும் கிடையாது, நின்றுகொண்டே நடத்தினான். கரும்பலகையில் வல்லினம் மிகும் இடம், மிகா இடம். ஒரு பெண் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்டாள். ராஜவேல் தலையைச் சொறிந்துகொண்டு, "நல்ல கேள்விம்மா, எனக்கே டவுட்டாயிடுச்சி" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

செம்பியனைப் பார்த்ததும் படியிறங்கி வந்தான்.

"மச்சான், அந்தக் கடிதம்..."

"தெரியும்."

"நான் போயிச் சொன்னேன்டா. எழுதியே குடுத்தேன். அவுங்க வாங்கல."

"அதுவும் தெரியும். அய்யனார் சொன்னான்."

ஐஸ் வண்டி ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட அவர்களைத் தாண்டிப் போனது.

"அன்னைக்கு அந்த ரூம்ல எம்பேரச் சொல்லியிருக்கலாமே மச்சான். நீ சொல்லல. என்னைக் காப்பாத்திட்ட. இந்த ஜென்மத்துக்கு அத மறக்க மாட்டேன்."

ராஜவேல் கையிலிருந்த சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்தான்.

"காப்பாத்துனனா? நல்லா யோசிச்சிப் பாத்தேன் மச்சான். எனக்கும் கோவம் இருக்கும்ல? ஒம்பேரச் சொன்னா ஒன்னத் தொரத்தியிருப்பாங்க. நீயும் வெளிய வந்திருப்ப. வெளிய வந்தா ஆறு மாசத்துல எங்கனா நல்லா ஆயிருப்ப. நீ என்னவிட நல்லா நடத்துவ, எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லல."

செம்பியன் அவன் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை.

"நீ அங்கயே இரு," என்றான் ராஜவேல். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியேறினான்.

செம்பியன் கொஞ்ச நேரம் கீழேயே நின்றான். மேலே ராஜவேல் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கான பதில் செம்பியனுக்குத் தெரியும். படியேறிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு காலைத் தூக்கிக்கூட வைத்தான். அதற்குள் மேலே ராஜவேல் பதிலைச் சொன்னான். சரியான பதில். பிள்ளைகள் கைதட்டினார்கள்.